சுற்றுலா படிக்கும் பிள்ளைகளுக்கு எந்த ஆங்கிலப் பாடம்?

இரண்டு பருவம், பருவத்துக்கு 45 மணி நேரம், ஆக மொத்தம் 90. சுற்றுலாத் துறையோ ஹோட்டல் மேலாண்மைத் துறையோ தன் மாணவர்களுக்கென்று தனியாக ஓர் ஆங்கிலப் பாடம் கேட்டு, பாடத்திட்டக் குழுவும் மனமிரங்கினால் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். உள்தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை எல்லாம் கழித்து 75 மிஞ்சினால் பெரிய காரியம். அந்த 75 மணி நேரத்தை எதில் போடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தஞ்சை வட்டாரத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறவன். இலக்கியம் படித்துவிட்டு வந்து, 'ரேக் ரேட்' (அறைக்குத் தள்ளுபடி இல்லாத விலை) என்றால் என்ன என்று மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். இதில் வரும் தடுமாற்றங்களில் பாதி என்னுடையவை.

பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் நான்கு வழிகள்தான் மேசைக்கு வருகின்றன. ஏற்கெனவே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் தொழில்முறை ஆங்கிலப் புத்தகத்தையே நடத்திவிடுவது ஒன்று. வெளிநாட்டுப் பதிப்பகம் போட்ட சுற்றுலா ஆங்கிலப் பாடநூலை வாங்குவது இன்னொன்று. ஐ.இ.எல்.டி.எஸ்., டோயிக் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயார்செய்து கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்துவிடலாம் என்பது மூன்றாவது. நம் ஊர் ஹோட்டலிலும் கோயில் வாசலிலும் டிராவல்ஸ் அலுவலகத்திலும் நடக்கிற வேலைகளை வைத்து நாமே ஒரு பாடத்தைக் கட்டுவது நான்காவது.

என் சாய்வு நான்காவதன் பக்கம். ஆனால் அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில், எதிரே நிற்பவர் யார்?

வேலைக்கான ஆங்கிலம் என்ற துறைக்கும் சுற்றுலாத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1978-இல் ஜான் மன்பி, ஒருவருக்கு எந்த ஆங்கிலம் தேவை என்று கணக்கிட ஒரு பெரிய அட்டவணை முறையை உருவாக்கினார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட மாதிரி மனிதர்களில் ஒருவர், ஸ்பானிய மொழி பேசும் ஒரு தலைமை வெயிட்டர். யாரோடு பேசுகிறார், எங்கே, எந்தத் தொனியில், எதற்காக என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியல் போட்டார் மன்பி. பட்டியல் அருமை. ஆனால் அந்த வெயிட்டருக்கு இப்போது என்ன தெரியும், அவர் எதைக் கற்க ஆசைப்படுகிறார் என்பதற்கு அதில் பெரிய இடமில்லை. 1987-இல் டாம் ஹட்சின்சனும் ஆலன் வாட்டர்சும் அந்த ஓட்டையை அடைத்தார்கள். வேலை கேட்பது, மாணவனிடம் குறைவது, மாணவன் விரும்புவது ஆகிய மூன்றும் வேறு வேறு என்றார்கள்.

முதல் நாள் வகுப்பில் என்ன வேண்டும் என்று கேட்டால், ஒரு குரலாக 'ஃப்ளுவென்ட்டாக'ப் பேச வேண்டும் என்பார்கள். சிலர் அமெரிக்க உச்சரிப்பு வேண்டும் என்பார்கள். அது விருப்பம். குறை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். '115', '150' என்று இரண்டு அறை எண்களை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பாதி வகுப்பு மாற்றி எழுதும். 'பிஃப்டீன்', 'பிஃப்டி' இரண்டையும் பிரிப்பது அழுத்தம் விழும் இடமும் கடைசியில் ஒரு மூக்கொலியும். தமிழில் சொல்லின் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, அதனால் நம் காது அதைத் தேடிப் போவதில்லை. பில் போடும் பில்லும் விழுங்கும் மாத்திரையான பில்லும் தமிழில் எழுதினால் ஒன்றுதானே! இரவு பதினொரு மணிக்குத் தவறான அறையின் கதவைத் தட்டிய ரூம் பாய்க்கு, நிகழ்கால வினைமுற்றுப் பயிற்சி எவ்வளவு கொடுத்தும் பயனில்லை.

அடுத்தது மரியாதை. 'பாஸ்போர்ட் கொடுங்கள்' என்று தமிழில் சொன்னால் அந்த '-ங்கள்' எல்லா மரியாதையையும் சுமந்துவிடுகிறது. அதே வாக்கியத்தை அப்படியே ஆங்கிலமாக்கி 'கிவ் பாஸ்போர்ட்' என்றால் போலீஸ்காரர் கேட்பது போல் இருக்கும். நம் பிள்ளைகளைப் போலப் பணிவானவர்களை நான் பார்த்ததில்லை, ஆனால் ஆங்கிலத்தில் அவர்கள் முரடர்களாகத் தெரிகிறார்கள். 'வாட் டூ யூ வாண்ட்?' என்று சிரித்த முகத்தோடு ஒரு மாணவி கேட்டதையும் எதிரே நின்ற முதியவர் அரை அடி பின்வாங்கியதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். அவள் மனத்தில் ஓடியது 'உங்களுக்கு என்ன வேண்டும் ஐயா' என்பதுதான்.

இந்தப் பாஸ்போர்ட் உதாரணத்தைச் சும்மா எடுக்கவில்லை. இந்தியாவில் ஒரு வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்கினால், ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தில் (2025 வரை அதன் பெயர் சி படிவம், நான் அந்தப் பழைய பெயரையே சொல்கிறேன்) அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே ரிசப்ஷனில் உட்காரும் நம் மாணவர் ஒரு வெளிநாட்டு விருந்தினருடன் நடத்தும் முதல் உரையாடலே ஒரு விசாரணைதான். எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், விசா எண் என்ன. நாள் முழுக்கக் காரில் வந்து களைத்தவரிடம், கேள்வி கேட்பதை உபசாரமாக மாற்றத் தெரிய வேண்டும். இதைச் சொல்லித்தரும் பாடநூல் எதுவும் என் கையில் அகப்பட்டதில்லை.

கடைசியாக ஒன்று, இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எதிரே நிற்பவர் பெரும்பாலும் ஆங்கிலேயர் அல்ல. புதுச்சேரியில் தொடங்கிச் சிதம்பரம், தஞ்சை, காரைக்குடி, மதுரை என்று போகும் பாதையில் எங்கள் பக்கம் அடிக்கடி கண்ணில் படுபவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வங்காளக் குடும்பங்களும், மராட்டியர் ஆண்ட ஊரைப் பார்க்க வரும் மகாராஷ்டிரக்காரர்களும் வருகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. பிரெஞ்சுக்காரர் 'ஹ' ஒலியை விழுங்குவார், வங்காளி 'வ'வைப் 'ப'வாக்குவார், நாம் எல்லாவற்றையும் உயிரெழுத்தில் முடிப்போம். லண்டன் உச்சரிப்பைக் காதில் ஊற்றிப் பழகிய மாணவர் இவர்களுக்கு முன்னால் திகைத்துத்தான் போவார். (ராமேஸ்வரத்தில் வேலை பார்க்கப் போகிறவருக்கு ஆங்கிலத்தைவிட இந்தி அதிகம் பயன்படும் என்று ஒரு டிராவல்ஸ்காரர் என்னிடம் வாதாடினார். பதில் சொல்ல முடியவில்லை.)

இனி வழிகளுக்கு வருவோம்.

இருக்கிற புத்தகத்தை நடத்துவது

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2020-21 கல்வியாண்டில் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குத் தொழில்முறை ஆங்கிலம் என்று ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது. கலையும் சமூக அறிவியலும், வணிகமும் மேலாண்மையும், உயிரியல் சார்ந்தவை, இயற்பியல் சார்ந்தவை என நான்கு ஓடைகளாகப் பிரித்துப் பாடநூல் தயாரித்தார்கள். 'எல்லோருக்கும் ஒரே ஆங்கிலம்' என்பதிலிருந்து ஓர் அடி முன்னேற்றம் அது, குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் சுற்றுலா மாணவர் இந்த நான்கில் எந்த ஓடையில் இறங்குவது? அநேகமாக வணிக மாணவரோடு. அங்கே படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிகள், அறிக்கை எழுதுவது, சிறு சொற்பொழிவு ஆகியவை இருக்கும். எல்லாம் நல்லவைதான், எதிலும் எதிராளி கோபத்தோடு நிற்பதில்லை. சுற்றுலா வேலையின் ஆங்கிலமோ முக்கால்வாசி காதும் வாயும்தான். எழுதுவது என்றால் ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் நான்கு வரி, முன்பதிவை உறுதிசெய்யும் ஒரு மின்னஞ்சல், அவ்வளவே.

இந்த வழியின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. செலவில்லை, வினாத்தாள் தயார், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்து, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை முடிக்கவே திணறுகிறவர்களாக இருந்தால், அவர்களிடம் போய் 'புகாரைக் கையாளும் ஆங்கிலம்' என்று தொடங்குவது கொடுமை. முதலாண்டில் பொது ஆங்கிலம்தான் சரி. பகுதி 2 ஆங்கிலம் நான்கு பருவமும் இருக்கிறதே, அதுவே அந்த வேலையைச் செய்யட்டும். கிடைத்த 90 மணி நேரத்தையும் அதே வேலைக்கு வாரி இறைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

வெளிநாட்டுப் பாடநூல்

பளபளப்பான தாள், வண்ணப்படம், அருமையான ஒலிப்பதிவு. இந்தப் புத்தகங்களை எழுதியவர்களுக்குத் தொழில் தெரியும். எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏற்றிப் போகும் நேர்த்தி, நாம் அவசரத்தில் தயாரிக்கும் தாள்களில் ஒருநாளும் வராது. ஒலிப்பதிவுக்காகவே வாங்கலாம்.

ஆனால் அந்த உலகம் வேறு. அதில் விருந்தினர் பனிச்சறுக்கு உபகரணம் வாடகைக்குக் கேட்கிறார், ஒயின் பட்டியலைப் பற்றி விசாரிக்கிறார். செருப்பை எங்கே கழற்றுவது, கருவறைக்குள் ஏன் விடமாட்டார்கள், சாம்பாரில் என்ன பருப்பு, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, இவற்றை யாரும் கேட்பதில்லை. இதைவிடப் பெரிய சங்கடம், அந்தப் புத்தகத்தில் விருந்தினர் எப்போதும் இலக்கணப் பிழையின்றி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அவர் கேட்டு முடித்ததும் பணியாளர் பதில் சொல்கிறார். முடிந்தது பாடம். நிஜத்தில், மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்க, போன் அடிக்க, டிரைவர் வாசலில் ஹாரன் அடிக்க, அதற்கு நடுவேதான் ஆங்கிலம் பேச வேண்டியிருக்கிறது.

அறுபது மாணவருக்கு அறுபது பிரதி கட்டுப்படியாகாது. ஒரு பிரதியை வாங்கி ஜெராக்ஸ் போடுவது ஊரறிந்த ரகசியம், அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து பிரதி நூலகத்துக்கு, ஒன்று ஆசிரியருக்கு. ஒலிப்பதிவுக்காகவும், பாடத்தை எப்படி வரிசைப்படுத்துவது என்று கற்றுக்கொள்வதற்காகவும்.

தேர்வும் சான்றிதழும்

டோயிக் 1979-இல் ஜப்பானில் தொடங்கியது, அலுவலக ஆங்கிலத்துக்காக. கேட்டலும் படித்தலும் சேர்ந்து 990 மதிப்பெண். ஐ.இ.எல்.டி.எஸ். தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிநிலைகளோடு இந்த மதிப்பெண்களைப் பொருத்திப் பார்க்கலாம் என்பதால், வெளிநாட்டில் வேலை கொடுப்பவருக்கு ஒரு பார்வையில் விஷயம் புரிந்துவிடும். கப்பல் வேலைக்குப் போகிறவர்களிடம் கப்பல் பணியாளருக்கான மார்லின்ஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினாயா என்று கேட்கும் முகவர்கள் உண்டு.

பெற்றோருக்கு மிகவும் பிடித்த வழி இது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். மாணவர்களில் வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ போகத் தீர்மானித்துவிட்ட ஐந்தாறு பேருக்கு இது உண்மையிலேயே கதவைத் திறக்கும். அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு வைத்துச் செய்யுங்கள்.

முழு வகுப்புக்கும் இதைப் பாடமாக வைத்தால் என்ன ஆகும் என்றால், ஐ.இ.எல்.டி.எஸ். கேட்கிறதே என்று பட்டை வரைபடத்தை 150 சொற்களில் விவரிக்க மூன்று வாரம் போகும். எந்த ஃப்ரண்ட் ஆபீசிலும் யாரும் பட்டை வரைபடத்தை விவரித்ததில்லை. தேர்வுக் கட்டணம் வேறு, கிராமத்திலிருந்து பஸ் பாஸில் வரும் பிள்ளைக்கு அது அவன் அப்பாவின் பல நாள் கூலி. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நாமே கட்டுவது

ஒரு செயலைக் கொடுத்து மொழியைக் கற்பிப்பது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்கிறோம். அதன் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று நம் வீட்டுத் திண்ணையில் நடந்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில், சாதாரணமான நெரிசல் வகுப்புகளில், ஒரு பரிசோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணை போன்ற ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு சிக்கலை அவிழ்க்கச் சொல்வது. முதலில் ஆசிரியர் முழு வகுப்போடு சேர்ந்து அதே மாதிரிச் சிக்கல் ஒன்றைப் பேசிப் பேசித் தீர்ப்பார். பிறகு மாணவர் தனியாக இன்னொன்றைத் தீர்க்க வேண்டும். விடை சரியா என்பதுதான் கேள்வி, மொழி அந்த விடைக்குப் போகும் வழியில் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அது எந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு முக்கியம், அது நம் ஊரில், நம் வகுப்பு நெரிசலில் நடந்தது என்பது.

அவர் செயல்களை மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் இருக்கும் தகவலை இன்னொருவருக்குக் கடத்துவது, இருக்கும் தகவலை வைத்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவது, சொந்தக் கருத்தைச் சொல்வது. நடுவில் இருப்பதே வகுப்பில் நன்றாக வேலை செய்தது என்பது அவர் அனுபவம். சுற்றுலாத் தொழில் முழுக்க அந்த நடுவகைதான். ரயில் 40 நிமிடம் தாமதம், தாராசுரம் கோயில் மதியம் நடைசாத்தும், குழுவில் ஒரு பாட்டிக்கு முட்டி வலி, இரவு ஏழுக்குள் மதுரை போய்ச் சேர வேண்டும். என்ன செய்வீர்கள், அதை விருந்தினரிடம் எப்படிச் சொல்வீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு இரண்டு மணி நேர வகுப்பு தாராளமாக ஓடும், யாரும் தூங்க மாட்டார்கள்.

நான் முயன்று பார்த்த செயல்களில் சில. டிராவல்ஸ் அலுவலகத்தில் பயணியின் பெயரையும் விமான முன்பதிவுக் குறியீடான ஆறு எழுத்து பி.என்.ஆரையும் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும், அதற்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துமுறை. ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சொல்வார், மற்றவர் முதுகைக் காட்டி எழுதுவார். ஓர் எழுத்துத் தவறினாலும் டிக்கெட் வீண். உணவகப் பகுதியில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள விருந்தினர். அவர் சொன்னதைச் சமையலறைக்கான ஆர்டர் சீட்டான கே.ஓ.டி.யில் சரியாக எழுதி, சமையலறைக்குச் சொல்லி, திரும்பி வந்து எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வேண்டும். முந்திரி வேறு, வேர்க்கடலை வேறு, கடலை எண்ணெய் இன்னொரு தலைவலி. இங்கே 'ஓ.கே. சார்' என்று தலையாட்டிவிட்டு வந்தால் ஆஸ்பத்திரிதான். புரியாதபோது 'ஓ.கே.' சொல்லும் பழக்கத்தை உடைப்பதே இந்தப் பாடத்தின் பாதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. புரியவில்லை என்று கௌரவமாகச் சொல்ல நான்கு விதம் தெரிந்தால் போதும், மாணவரின் தோள்கள் நிமிர்ந்துவிடும்.

வழிகாட்டிப் பயிற்சிதான் எனக்குப் பிடித்தது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் போய் நின்றால் நிழல் விழுவதைப் பார்க்கலாம், அந்த நிழலிலேயே நின்றுகொண்டு கதை கேட்கிறார் விருந்தினர்! இந்த இடத்தில் மாணவருக்குத் தேவைப்படுவது தகவல் மட்டுமல்ல, 'அப்படி ஒரு பேச்சு உண்டு, ஆனால்' என்று தொடங்கும் ஆங்கிலம். கதையையும் விடாமல் பொய்யும் சொல்லாமல் நடுவே நடக்க வேண்டும். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்துக்கு அர்ச்சுனன் தபசு என்று ஒரு விளக்கம், கங்கை இறங்கிவரும் காட்சி என்று இன்னொன்று. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு கட்சி கொடுத்தேன். எலிகளுக்கு நடுவே தவம் செய்யும் அந்தப் பூனையை இரண்டு கட்சியும் சாட்சிக்கு இழுத்தன. ஒரு வருடமாக வாயே திறக்காத மாணவன் அன்றைக்குப் பூனைக்காக எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினான். வினைச்சொற்கள் எல்லாம் உடைந்து கிடந்தன. எல்லோருக்கும் புரிந்தது.

செலவைச் சொல்ல வேண்டும். புத்தகம் இல்லாததால் ஒவ்வொரு வகுப்புக்கும் தாள் தயாரிக்க வேண்டும், ஒரு மணி நேர வகுப்புக்கு முதல் வருடம் எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அறுபது பேர் இணை இணையாகப் பேசினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும். ஆங்கில ஆசிரியருக்குத் தொழில் தெரியாது, தொழில் ஆசிரியர் மொழிப் பிழையில் கை வைக்கத் தயங்குவார். 1980 வாக்கில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸும் டட்லி-எவன்ஸும் மொழி ஆசிரியரையும் பாட ஆசிரியரையும் ஒரே வகுப்பில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். இங்கே இரண்டு பேருடைய கால அட்டவணையையும் ஒரே மணிக்குக் கொண்டுவர முடிந்தால் அது ஓர் அதிசயம். மாதத்துக்கு ஒரு முறை முடிந்தது, அதுவே பெரிய வித்தியாசம் தந்தது.

தேவை என்ன என்று அறிய ஆய்வுக்குழு, கேள்வித்தாள் எல்லாம் வேண்டாம். மூன்று பிற்பகல் போதும். ஒன்று, பழைய மாணவர் வேலை பார்க்கும் ஹோட்டலில் செக்-இன் நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதுவது. இன்னொன்று, கோயில் வாசலில் வழிகாட்டிகளுக்குப் பின்னால் நடப்பது. மூன்றாவது, டிராவல்ஸ் அலுவலகத்தில் ஒரு டீ குடித்துக்கொண்டே போன் பேச்சைக் கேட்பது. மேலாளர்களிடம் 'உங்களுக்கு எப்படிப்பட்ட ஆங்கிலம் வேண்டும்' என்று கேட்டால் 'நல்ல கம்யூனிகேஷன்' என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'போன வாரம் எந்த இடத்தில் பையன் மாட்டிக்கொண்டான்' என்று கேளுங்கள். பாடத்திட்டம் தானாக வரும்.

எப்போது வைப்பது

எந்த வழி என்பதற்கு அளிக்கும் கவனத்தில் பாதியைக் கூட எப்போது என்பதற்கு நாம் அளிப்பதில்லை. வழக்கமாக ஆங்கிலத்தை முடித்துவிட்டு இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங்குக்கு அனுப்புகிறோம். போகும் முன் மாணவருக்கு எதிலும் அவசரம் தெரியாது. திரும்பி வந்த பிறகு பாருங்கள், ஒவ்வொருவரிடமும் பத்துக் கதை. அந்த அம்மாள் என்ன கேட்டாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை சார், அவர் ஏன் கோபப்பட்டார், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும். கற்பிக்க இதைவிடச் சிறந்த பொருள் எங்கே கிடைக்கும்? ஆனால் அப்போது ஆங்கில வகுப்பு முடிந்துபோயிருக்கும்.

அதனால் 90-ஐ உடைப்பேன். பயிற்சிக்கு முன் 40 மணி நேரம்: எண்கள், எழுத்துக்கூட்டல், மரியாதை, புரியவில்லை என்று சொல்வது, சி படிவம். பயிற்சியின்போது, எப்படியும் எழுதியாக வேண்டிய லாக் புக்கில் வாரம் ஒரு பக்கம், நான் பேசித் தோற்ற ஓர் உரையாடல் என்ற தலைப்பில். பயிற்சிக்குப் பின் மிச்ச நேரம் முழுவதும் அந்தப் பக்கங்களை வைத்தே: புகார், மறுப்பு, மன்னிப்பு, விளக்கம். மறுப்பு மிகக் கடினம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது நம் வளர்ப்பில் இல்லை, 'பார்க்கலாம்' என்போம். 'பார்க்கலாம்' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் ஜெர்மானியர் அதை நம்பிக் காத்திருப்பார்.

எந்தக் கல்லூரிக்கு எது

இவ்வளவு சொன்ன பிறகும், முடிவைத் தீர்மானிப்பது மேலே சொன்ன எதுவுமில்லை. உங்கள் கல்லூரி பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்றதா என்பதுதான். இணைவுக் கல்லூரியில் வழக்கமான கணக்கு உள்மதிப்பீடு 25, மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு 75. வாய்மொழிப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு வைத்தால் நவம்பரில் மாணவர் உங்களிடம் வந்து 'சார், முக்கியமான கேள்வி சொல்லுங்கள்' என்பார். நீங்களும் 'புகாரைக் கையாளும் ஆறு படிகள்' என்று சொல்லிக்கொடுப்பீர்கள், அவரும் மனப்பாடம் செய்து எழுதி 68 வாங்குவார், பாடம் அங்கேயே செத்துவிடும்.

தன்னாட்சிக் கல்லூரியானால் தயங்க வேண்டாம், நாமே கட்டும் வழிதான். தேர்வில் பாதியை வாய்மொழியாக்குங்கள். வெளித் தேர்வாளராக ஓர் ஆங்கிலப் பேராசிரியரை அழைப்பதைவிட ஹோட்டலிலிருந்து ஒரு ஃப்ரண்ட் ஆபீஸ் மேலாளரை அழையுங்கள். அவர் இலக்கணத்துக்கு மதிப்பெண் போட மாட்டார், இந்தப் பெண்ணை இரவு ஷிப்டில் தனியாக உட்கார வைக்கலாமா என்று மட்டும் பார்ப்பார். அதுதானே நமக்கும் தெரிய வேண்டும்.

இணைவுக் கல்லூரியானால், கால அட்டவணையில் இருக்கும் தொழில்முறை ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அதோடு மல்லுக்கட்டி மாள முடியாது. கல்லூரிகளைத் தரமிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்காக எல்லாத் துறையும் 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்பு ஒன்றைக் காட்டியாக வேண்டியிருக்கிறது. கணக்குக் காட்டுவதற்காகவே நடக்கும் அந்த 30 மணி நேரத்தைக் கேட்டு வாங்கி, நான் மேலே சொன்ன செயல்களை அதில் வையுங்கள். பயிற்சிக்குப் பிந்தைய பருவத்தில் வையுங்கள். எழுத்துத் தேர்வு இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இன்னொரு நிலைமையும் இருக்கிறது, அதை எழுதச் சங்கடமாக இருந்தாலும் எழுதுகிறேன். பல அரசுக் கல்லூரிகளில் இந்த வகுப்பை எடுப்பவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். அடுத்த ஜூனில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம் உழைத்துத் தாள் தயாரி என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டாலும் அவர் போகும்போது தாள்களும் அவரோடு போய்விடும். அங்கே துறைத் தலைவர் பொறுப்பெடுத்து, எல்லாத் தாள்களும் துறை அலமாரியில் ஒரு கோப்பில் இருக்கும் என்று உறுதி தராதவரை, இரண்டாவது வழியே நடக்கக்கூடியது: நல்ல பாடநூல் ஐந்து பிரதி, ஒலிப்பதிவுக்கு ஒரு ஸ்பீக்கர், அதோடு ரிசப்ஷனில் கேட்டு வாங்கிய சி படிவத்தின் வெற்றுப் பிரதி அறுபது.